கூட்டாளிக்கு எவ்வளவு சொல்லலாம்?

வாசகர் கேள்வி பதில். பதில் தருபவர்: சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு திருகோணமலைக்காரர்.

போன இதழில் ஒரு வாசகர், நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியில் உள்ள நாடுகளின் படைக் கட்டளைக் கணினிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார். "பேசும், ஆனால் எல்லாவற்றையும் பேசாது" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அது பலருக்குப் போதவில்லை என்று தெரிகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். கிணற்றில் உப்பு ஏறியது பற்றிக் கேட்ட கிண்ணியா ஐயா அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"நான் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். ஒரு வாட்ஸ்அப் குழு போட்டால் பத்து நாட்டுக்காரரும் அடுத்த நொடியே பேசலாம். இதற்குப் போய் நேட்டோ நாடுகள் ஏன் பத்துப் பதினைந்து வருடம் கூட்டம் போடுகின்றன?" (பல்கலைக்கழக மாணவர், கோணேசபுரி)

பத்துப் பதினைந்து இல்லை, தம்பி. 1980 இல் நேட்டோவின் ஐரோப்பியத் தலைமையகம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பிறகு 1998 இல் கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கின. அதை எம்.ஐ.பி. என்பார்கள். வேலை இன்னும் நடக்கிறது.

வாட்ஸ்அப்பில் "அந்தப் பாலம் போயிட்டுது" என்று ஒருவர் எழுதினால் படிப்பவர் மனிதர். எந்தப் பாலம் என்று அவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் திருப்பிக் கேட்பார். கட்டளை அறையில் படிப்பது கணினி. வரைபடத்தில் ஒரு பாலத்தின் மீது அது குறி போட்டாக வேண்டும். எந்தப் பாலம், எந்த இடம், உடைந்ததா அல்லது யாரோ மறித்து வைத்திருக்கிறார்களா, நடந்து போகலாமா, டாங்கி போகலாமா என்பதெல்லாம் தனித்தனிக் கட்டத்தில் நிரப்பப்பட்டு வர வேண்டும். ஜெர்மனியின் கணினியில் அந்தக் கட்டங்கள் ஒரு மாதிரி இருக்கும், இத்தாலியின் கணினியில் இன்னொரு மாதிரி. கம்பி இழுப்பதோ செயற்கைக்கோள் பிடிப்பதோ பெரிய காரியம் இல்லை. கட்டங்களைப் பொருத்துவதில்தான் ஆண்டுகள் போயின.

இரண்டிரண்டு நாடாகப் பொருத்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 10 நாட்டுக்கு 45 சோடி. நேட்டோவில் இன்று 32 நாடுகள், அப்படியானால் 496 சோடி. அதனால் நடுவில் ஒரு பொதுத் தரவு மாதிரி, அதாவது எல்லோருக்கும் பொதுவான ஒரே கட்ட அமைப்பு, வைத்தார்கள். ஒவ்வொரு நாடும் தன் கணினியைத் தன் இஷ்டப்படி கட்டலாம், வாசலில் மட்டும் அந்தப் பொது மாதிரிக்கு மாற்றித் தர வேண்டும். அதில் உலகத்துப் பொருள்கள் ஐந்து வகை: ஆள், அமைப்பு, தளவாடம், நிலத்தின் இயல்பு, கட்டப்பட்டது. உவர்மலை நிலத்தின் இயல்பில் வரும், இறங்குதுறை கட்டப்பட்டதில் வரும். இவற்றின் கீழே நூற்றுக்கணக்கான உட்பிரிவுகள்.

நீங்கள் தரவுத்தளம் படிக்கிற பிள்ளை என்பதால் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன். அந்த மாதிரியில் ஒரு தகவல் தனியாக வர முடியாது. யார் சொன்னது, எப்போது சொன்னது, எவ்வளவு நம்பலாம் என்ற பதிவு கூடவே ஒட்டிக்கொண்டு வரும். என்னைக் கேட்டால் அத்தனை பக்கத்திலும் உருப்படியான பகுதி இதுதான். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையிலிருந்து வந்த பழைய வழக்கம் ஒன்று உண்டு. சொன்ன ஆளுக்கு ஆங்கில எழுத்தில் ஏ முதல் எஃப் வரை ஒரு மதிப்பு, சொன்ன செய்திக்கு 1 முதல் 6 வரை இன்னொரு மதிப்பு. ஏ என்றால் முழுக்க நம்பத்தக்கவர். எஃப் என்றால் கெட்டவர் என்று அர்த்தமில்லை, அவரை எடைபோட வழியில்லை என்று அர்த்தம். நம்பத்தக்க ஆளும் பிழையான செய்தி தரலாம், ஊர் சுற்றியும் சரியான செய்தி கொண்டு வரலாம். இரண்டையும் பிரித்து வைத்தவன் மனிதரைப் படித்தவன்.

கப்பலில் நாங்கள் அனுப்பிய வானொலித் தந்தியிலும் செய்திக்கு முன்னால் ஒரு தலைப்பு வரி போகும்: எந்த நிலையம், எத்தனை சொற்கள், எந்தத் தேதி, எத்தனை மணி. "சுகமாகச் சேர்ந்தேன்" என்ற ஒற்றை வரித் தந்திக்கும் அது உண்டு. தலைப்பு வரி இல்லாமல் வந்த செய்தியை எந்தக் கப்டனிடமும் கொண்டு போய்க் கொடுக்க முடியாது. யுத்த காலத்தில் நம் ஊரில் ஓடிய கதைகளை நினைத்துப் பாருங்கள். யார் சொன்னது என்று கேட்டால் "எல்லோரும் சொல்லுகினம்" என்பார்கள்.

"உப்புவெளி யுத்த மயானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பல நாட்டு வீரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, 'இவ்வளவு பேரும் ஒரே கடலில் எப்படி ஒருவர் சொன்னதை மற்றவர் விளங்கிக்கொண்டார்கள்?' என்று கேட்டாள். என்ன சொல்வது?" (ஆசிரியை, நிலாவெளி வீதி)

அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், டீச்சர். முதலில் விளங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் பதில்.

1942 ஜனவரியில் அமெரிக்கா, பிரிட்டன், ஒல்லாந்து, ஆஸ்திரேலியா நான்கும் தென்கிழக்கு ஆசியாவைக் காக்க அவசரமாக ஒரு கூட்டுத் தலைமை அமைத்தன. பிப்ரவரி முடியுமுன் அது கலைந்துவிட்டது. அந்தக் கப்பல்கள் பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடலில் ஜப்பானியரை எதிர்த்து நின்றன. தலைமை தாங்கியவர் ஒல்லாந்து அட்மிரல் கரெல் டோர்மன். அவர் ஏறியிருந்த கப்பல் டி ருய்ட்டர். பின்னால் பிரிட்டனின் எக்ஸிட்டர், அமெரிக்காவின் ஹூஸ்டன், ஆஸ்திரேலியாவின் பெர்த், ஒல்லாந்தின் ஜாவா. இவை ஒன்றாகப் பயிற்சி செய்ததில்லை. பொதுவான சமிக்ஞைப் புத்தகமும் இல்லை. அட்மிரல் தரும் கட்டளையை டி ருய்ட்டரில் இருந்த ஓர் அமெரிக்கத் தொடர்பு அதிகாரி ஆங்கிலமாக்கி ஹூஸ்டனுக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து மற்றவற்றுக்குப் போக வேண்டும். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எக்ஸிட்டரின் கொதிகலன் அறையில் குண்டு பட்டது. வேகம் குறைந்து அது வரிசையை விட்டு விலகித் திரும்பியது. பின்னால் வந்தவர்கள் திரும்பும்படி கட்டளை வந்திருக்கிறது, தங்களுக்குத்தான் கிடைக்கவில்லை என்று நினைத்துத் தாங்களும் திரும்பினார்கள். அணி குலைந்து போயிற்று. அன்றிரவு டி ருய்ட்டரும் ஜாவாவும் மூழ்கின, அட்மிரலும் போனார். மார்ச் 1 அன்று எக்ஸிட்டர், ஹூஸ்டன், பெர்த் மூன்றும் போயின. ஜப்பானியரின் டோர்பிடோ சிறந்தது, அவர்களுக்கு விமானப் பார்வையும் இருந்தது. தோல்விக்கு அவை பெரிய காரணங்கள். இருந்தாலும் எக்ஸிட்டர் திரும்பிய அந்தச் சில நிமிடங்களை நான் மறப்பதில்லை.

பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கதையையும் சொல்லலாம். 1942 ஏப்ரல் 4 அன்று கனடா விமானப்படையின் லியோனார்ட் பர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே சில நூறு மைல் தள்ளி ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். அவர் விமானம் அமெரிக்காவில் வடிவமைத்த கட்டலினா, புறப்பட்டது கொக்கலையிலிருந்து, செய்தி போக வேண்டியது பிரிட்டிஷ்காரருக்கு. சுடப்பட்டு விழுவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார்கள். அவர் உயிர் பிழைத்து ஜப்பானியரின் கைதியானார். செய்தி வந்தும் மறுநாள் ஈஸ்டர் காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்தபோது இரத்மலானையில் பல விமானங்கள் இன்னும் தரையில்தான் இருந்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ராடார் முன்கூட்டியே எச்சரித்தது, சீனக்குடாவிலிருந்து விமானங்கள் மேலெழுந்தன. துறைமுகத்தை விட்டு முன்னரே அனுப்பப்பட்ட ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்கோ விமானப் பாதுகாப்பு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கியது, கூடவே ஆஸ்திரேலியாவின் வம்பயரும். தகவல் கிடைப்பது ஒன்று. வேண்டிய ஆளுக்கு வேண்டிய நேரத்தில் அது போய்ச் சேருவது வேறு.

இரண்டு வருடம் கழித்து நிலைமை மாறிவிட்டது. 1944 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகா நம் துறைமுகத்துக்கு வந்தது. பிரான்ஸின் போர்க்கப்பல் ரிஷெல்யூவும் வந்தது. ஒல்லாந்தின் டிரொம்ப், நியூசிலாந்தின் காம்பியா, ஆஸ்திரேலியக் கப்பல்கள், பிரிட்டனின் இல்லஸ்ட்ரியஸ் எல்லாம் அட்மிரல் சொமர்வில்லின் கீழ் சேர்ந்து புறப்பட்டு ஏப்ரல் 19 அன்று சுமாத்திராவின் முனையிலுள்ள சபாங்கைத் தாக்கின. கடலில் விழுந்த ஓர் அமெரிக்க விமானியை பிரிட்டிஷ் நீர்மூழ்கி தூக்கிக்கொண்டு வந்தது. இந்த முறை முன்னரே கடலில் ஒன்றாகப் பயிற்சி செய்துவிட்டுத்தான் போனார்கள்.

விமானந்தாங்கியில் ஒரு சின்ன விஷயம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இறங்கும் விமானத்துக்குத் தளத்தில் நிற்பவர் இரண்டு மட்டைகளால் சைகை காட்டுவார். கைகளை உயர்த்தினால் அமெரிக்க விமானிக்கு "நீ அதிக உயரத்தில் வருகிறாய்" என்று அர்த்தம், அவன் இறங்குவான். அதே சைகைக்கு பிரிட்டிஷ் விமானி "ஏறு" என்று பொருள் கொள்வான். அமெரிக்கர் உள்ள நிலையைச் சொன்னார்கள், பிரிட்டிஷார் செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். ஒரே கப்பலில் இரண்டையும் கலந்தால் பிணம்தான் விழும். பின்னாளில் பிரிட்டன் அமெரிக்க முறைக்கு மாறிக்கொண்டது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி இதைச் செய்து காட்டுங்கள்.

"படை வரைபடங்களில் நண்பன் நீலம், எதிரி சிவப்பு. ஏன்?" (பத்தாம் வகுப்பு மாணவன், மூதூர்)

பிரஷ்யப் படையின் சீருடை நீலம். அவர்கள் மேசையில் போர் விளையாட்டு ஆடியபோது தங்களுக்கு நீலத்தை வைத்துக்கொண்டார்கள், அது பரவிற்று. சோவியத் படை நேர்மாறு: தான் சிவப்பு, எதிரி நீலம். அதனால் 1999 இல் போலந்தும் ஹங்கேரியும் செக் குடியரசும் நேட்டோவில் சேர்ந்தபோது, தங்களைச் சிவப்பில் வரைந்து பழகிய அதிகாரிகள் கையை மாற்ற வேண்டியிருந்தது.

நேட்டோ முறையில் நிறத்தை மட்டும் நம்புவதில்லை, தம்பி. நண்பன் நீள்சதுரம், எதிரி முனையில் நிற்கும் சதுரம், நடுநிலை சாதாரணச் சதுரம், யாரென்று தெரியாதது நாலிதழ்ப் பூ வடிவம். கறுப்பு வெள்ளைத் தாளிலும், நிறக்குருடு உள்ள அதிகாரிக்கும் விளங்க வேண்டுமே. நாலிதழ்ப் பூவைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், நல்ல விவாதம் வரும். "தெரியாது" என்பதற்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள்.

"இவ்வளவு கணினி இருந்தும் சொந்தக்காரனையே சுட்டுவிடுகிறார்களே. பிறகு என்ன தகவல் பகிர்வு?" (ஓய்வு பெற்ற எழுதுநர், திருகோணமலை)

ஐயா கோபமாக எழுதியிருக்கிறார், கோபம் நியாயம்தான். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1994 ஏப்ரல் 14, வடக்கு ஈராக். அமெரிக்க விமானப்படையின் இரண்டு எஃப்-15 விமானங்கள் அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். அமெரிக்கர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், துருக்கியர், குர்தியர் எல்லோரும் அதில் இருந்தார்கள். "நான் நண்பன்" என்று தானாகப் பதில் சொல்லும் கருவியில் துருக்கிக்குள் ஒரு குறியெண், எல்லை தாண்டினால் வேறு குறியெண் போட வேண்டும். ஹெலிகொப்டர்காரர்கள் ஒரே எண்ணோடுதான் பறந்தார்கள், மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எஃப்-15 களின் வானொலி அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவும் வகை, ஹெலிகொப்டரில் அது இல்லை. வானத்தில் ஒரு கட்டுப்பாட்டு விமானமும் இருந்தது. ஹெலிகொப்டர்கள் அந்தப் பகுதியில் இருப்பது அதற்குத் தெரியும், சுடப்போனவர்களுக்கு அது சொல்லவில்லை. இத்தனையும் ஒரே நாட்டின் இரண்டு படைகளுக்கு இடையில். அடுத்த நாட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

2003 மார்ச்சில் அடுத்த நாடும் வந்துவிட்டது. ஈராக்கிலிருந்து குவைத் பக்கம் திரும்பிய பிரிட்டிஷ் டொர்னேடோ விமானத்தை அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணை அணி வீழ்த்தியது, இருவர் இறந்தார்கள். விமானத்தின் அடையாளக் கருவி பழுதாகியிருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. பேட்ரியட்டின் கணினி அதை ராடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. அந்த அணியின் தொடர்புச் சாதனங்கள் அப்போது அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தன, இன்னும் கைக்கு வரவில்லை. பெரிய வலையோடு நேரடித் தொடர்பு இல்லாமல் தனியாக நின்ற அணி அது.

இப்படியான விபத்துகளைக் குறைக்க உதவுவது எது என்றால் லிங்க் 16 என்ற தரவு வலை. விமானம், கப்பல், ஏவுகணை அணி எல்லாம் ஒரே வானொலி வலையில். ஒரு நொடியை 128 துண்டாக வெட்டி, யார் எந்தத் துண்டில் பேசுவது என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பேர் ஒன்றாகக் கத்த வழியில்லை. இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு விமானத்தை ஐந்து கப்பல்கள் பார்த்தாலும், யார் மிகத் தெளிவாகப் பார்க்கிறாரோ அவர் மட்டுமே அதைப் பற்றி அறிவிப்பார். மற்ற நால்வரும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு விமானம் திரையில் ஐந்தாகத் தெரியும், அதில் ஒன்றை யாராவது எதிரி என்று எடுத்துக்கொள்வார். நம் சங்கக் கூட்டங்களுக்கும் இந்த விதி வந்தால் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

"நான் நண்பனுக்குக் கொடுத்த தகவலை அவன் தன் நண்பனுக்குக் கொடுத்தால்? சட்டம் என்ன?" (சட்டத்தரணி, உட்துறைமுக வீதி)

உங்கள் தொழிலுக்கே உரிய கேள்வி. உளவுத் தகவல் பரிமாற்றத்தில் பழைய நியதி ஒன்று உண்டு: கொடுத்தவன் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆளுக்குப் போகக் கூடாது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1946 இல் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து வளர்ந்த ஐந்து நாட்டுக் கூட்டு இதைக் கறாராகப் பிடிக்கிறது. ஒவ்வொரு பத்திரத்திலும், சில இடங்களில் ஒவ்வொரு பத்தியிலும், எந்த எந்த நாடு பார்க்கலாம் என்ற முத்திரை இருக்கும். இரண்டு நாட்டுக் கணினி வலைகளுக்கு நடுவில் காவல் நிற்கும் கணினி அந்த முத்திரையைப் படித்துத்தான் கதவு திறக்கும். முத்திரை போடாத பத்திரம் வாசலிலேயே நிற்கும்.

இதன் பலனை ஆப்கானிஸ்தானில் கண்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அங்கே படை அனுப்பியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்த வலை. ஓர் அதிகாரியின் மேசையில் இரண்டு மூன்று கணினிகள் இருக்கும். ஒரு திரையில் படித்ததைத் திரும்பி உட்கார்ந்து அடுத்ததில் தட்டச்சு செய்வார். இதற்கு அந்தத் துறைக்காரர்களே வைத்த கேலிப்பெயர் சுழல்நாற்காலி இணைப்பு. பக்கத்து அணி வேறு நாட்டுக்காரராக இருந்தால், வீதியோரக் குண்டு பற்றிய எச்சரிக்கையும் இந்த நாற்காலி சுழலும் வேகத்தில்தான் போகும். 2010 இல் ஆப்கான் பணிக்கென்று ஒரே பொது வலை வைத்து, முதலில் அதில் எழுது, மறைக்க வேண்டியதை மட்டும் உன் வலையில் வை என்று பழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். அதற்குப் பிறகு இனி வரும் பணிகளுக்கும் சேர்த்து, முன்கூட்டியே விதிகளை எழுதி வைக்கும் ஏற்பாடு நேட்டோவில் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் போலந்தின் பிட்கோஷ்ச் நகரத்தில் நாடுகள் தங்கள் கணினிகளைக் கொண்டு வந்து கோத்துப் பார்க்கின்றன. பொருந்தாவிட்டால் அங்கேயே சண்டை பிடித்துக்கொள்ளலாம், உயிர்ச்சேதம் இல்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், முத்திரை விதி தேவைதான். தன் தகவல் கண்ட இடத்துக்கெல்லாம் போகாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எவனும் முதலாவது தகவலையே தர மாட்டான். ஆனால் முத்திரை போடுகிறவர் வெகுதூரத்தில் குளிரூட்டிய அறையில் இருப்பார், தகவல் தேவைப்படுகிறவர் புழுதியில் நிற்பார். சந்தேகம் வந்தால் மூடி வை என்பதுதான் அலுவலகப் புத்தி. மூடியதற்காக எவரும் வேலையை இழந்ததில்லை.

"இலங்கை யாருடைய கூட்டாளி? நேரடியாகச் சொல்லவும்." (கடைக்காரர், கிண்ணியா)

எந்த இராணுவக் கூட்டணியிலும் இல்லை. 1976 இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டையே கொழும்பில் நடத்திய நாடு. அதற்காகத் தகவல் பரிமாறாமல் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பஹ்ரைனில் தலைமையகம் உள்ள கூட்டுக் கடற்படை அமைப்பில் 2023 இல் சேர்ந்தது. இந்தியா 2018 டிசம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் இந்து சமுத்திரக் கப்பல் தகவல்களுக்கு ஒரு மையம் திறந்தது. பல நாட்டுத் தொடர்பு அதிகாரிகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், நம்மவரும் உண்டு. 2020 அக்டோபரில் இந்திய, இலங்கைக் கடற்படைகள் நம் ஊருக்கு வெளியேதான் கூட்டுப் பயிற்சி செய்தன. 2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் செய்துகொண்டன.

குருகிராமில் பரிமாறுவது பெரும்பாலும் வர்த்தகக் கப்பல் விவரம். எது எங்கே போகிறது, எது வழி மாறுகிறது என்பது. போர்க்கப்பலின் கட்டளைக் கணினியைத் திறந்து காட்டுவதும் இதுவும் வேறு வேறு. ஒரு நாட்டுக்கு எல்லா வீட்டுத் திறப்பும் வேண்டாம், முன் விறாந்தையில் உட்கார்ந்து பேசும் உறவும் உறவுதான்.

"கல்லறாவையில் ஏதோ நிலையம் போட்டிருக்கிறார்கள். எங்கள் படகுகள் எங்கே நிற்கின்றன என்று இனி இந்தியாவுக்குத் தெரியுமாம் என்று வாடியில் கதைக்கிறார்கள். என் அவர் நெடுநாள் படகில் போகிறவர். இது எங்களுக்கு நல்லதா கெட்டதா?" (கடற்றொழிலாளி ஒருவரின் மனைவி, திருக்கடலூர்)

தங்கச்சி, வாடியில் கதைப்பது இரண்டு வேறு விஷயங்களைக் கலந்துவிட்டது. கல்லறாவையில் போட்டிருப்பது கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு ஏற்பாட்டின் நிலையம். அந்த ஏற்பாடு இந்தியாவின் 60 லட்சம் டொலர் நன்கொடையில் அமைந்து 2024 ஜூனில் திறக்கப்பட்டது. மையம் கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில், துணை மையம் அம்பாந்தோட்டையில், ஆளில்லா நிலையங்கள் கல்லறாவை, திருகோணமலை, மட்டக்களப்பு, பருத்தித்துறை உட்பட ஏழு இடத்தில். உயிர் காப்பதற்கு இலங்கை பொறுப்பேற்ற கடற்பரப்பு நம் நிலத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. அவ்வளவு பெரிய கடலில் ஆபத்துக் குரல் கேட்க இப்படியான ஏற்பாடு வேண்டும்.

இதுவரை எழுதியதெல்லாம் படைத் தகவல். அங்கே எல்லாக் கதவும் பூட்டித்தான் இருக்கும், ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். உயிர் காக்கும் தகவலில் கதவே கிடையாது. நான் கப்பலில் இருந்த காலத்தில் வானொலி அறை மணிக்கூட்டில் சிவப்பு நிறத்தில் இரண்டு துண்டு வரைந்திருக்கும். மணிக்கு இரண்டு தரம், மும்மூன்று நிமிடம், 500 கிலோஹேர்ட்ஸில் உலகத்தின் எல்லாக் கப்பலும் பேச்சை நிறுத்திவிட்டு ஆபத்துக் குரல் ஏதும் வருகிறதா என்று கேட்க வேண்டும். ரஷ்யக் கப்பலும் அமெரிக்கக் கப்பலும் ஒன்றாக மௌனமாகும். பிறகு செயற்கைக்கோள் வந்தது, எங்கள் வேலையும் போயிற்று. அந்தச் செயற்கைக்கோள் ஏற்பாட்டுக்கு 1979 இல் கைச்சாத்திட்டவர்கள் யார் தெரியுமா? சோவியத் யூனியன், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ். ஒருவரையொருவர் அணுகுண்டால் குறிபார்த்திருந்த காலம் அது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் ஆபத்துச் சமிக்ஞையைப் பிடித்தது சோவியத் செயற்கைக்கோள். மூன்று பேர் பிழைத்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் படகில் இருக்க வேண்டியது அந்தச் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் பீக்கன், அதாவது ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவி. 406 மெகாஹேர்ட்ஸில் கூப்பிடும். படகு கவிழ்ந்தால் தானாக மிதந்து வேலை செய்யும் வகையும் உண்டு. அது கூப்பிட்டால் செய்தி இந்தியாவின் பெங்களூர் நிலையத்துக்குத்தான் முதலில் போகும், அங்கிருந்து கொழும்புக்கு வரும். இலங்கை அந்த நிலையத்தின் சேவைப் பகுதியில் இருக்கிறது. ஆகவே "இந்தியாவுக்குத் தெரியுமா" என்ற கேள்விக்கு, ஆபத்தில் கட்டாயம் தெரிய வேண்டும் என்பதுதான் பதில். நாளாந்தம் போய்வரும் சிறிய கண்ணாடியிழைப் படகுகள் ராடாரில் நன்றாகத் தெரிவதில்லை. அவற்றில் குறைந்தது ஒரு விஎச்எஃப் வானொலிக் கருவியாவது இருக்கட்டும், 16 ஆம் அலைவரிசையில் கூப்பிடத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு வேலை மட்டும் இந்தக் கிழமையே செய்யுங்கள். பீக்கன் கூப்பிட்டதும் அதன் எண்ணுக்கு எதிரே பதிவில் இருக்கும் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் முதலில் அழைப்பார்கள், படகு உண்மையிலேயே கடலில் நிற்கிறதா என்று கேட்க. படகு கைமாறி வந்ததென்றால் பதிவில் பழைய முதலாளியின் எண் கிடக்கும். பீக்கன் எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது என்று படகுக்காரரை விசாரிக்கச் சொல்லி, அங்கே உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். சிம் மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும்.